மருத்துவர் பதில்கள்: ஆய்வக எண்களும் ஆயுள் கணக்கும்

ரத்தப் பரிசோதனை முடிவுகளை வைத்து ஒருவருடைய ஆயுளைக் கணிக்க முடியுமா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான்கே வரியில் பதில் எழுதினேன். அந்த நான்கு வரி போதவில்லை என்பதை அதன் பிறகு வந்த கடிதங்களைப் படித்தபோது உணர்ந்தேன். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன். எந்த மருந்தை நிறுத்தலாம், எதைக் கூட்டலாம் என்று கேட்டிருப்பவர்கள் தங்களை நேரில் பார்க்கும் மருத்துவரிடம்தான் அதைக் கேட்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 52. அண்மையில் செய்துகொண்ட பரிசோதனை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் '10 ஆண்டுகளில் மரண அபாயம் 6 சதவீதம்' என்று அச்சிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. அந்த ஆறு பேரில் நானும் ஒருத்தியா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? – சிவகாமி

பதில்: தெரிந்துகொள்ள வழியில்லை, அம்மா. அந்த எண் உங்கள் ஒருவரைப் பற்றிச் சொல்லப்பட்டதே அல்ல. உங்கள் வயதும், உங்களுடையதைப் போன்ற ரத்த அழுத்தமும், சர்க்கரையும், கொழுப்பும் உள்ள நூறு பேரைப் பத்து ஆண்டுகள் கவனித்து வந்தால், அவர்களில் ஏறத்தாழ ஆறு பேர் இறந்திருப்பார்கள், தொண்ணூற்று நான்கு பேர் உயிரோடு இருப்பார்கள் என்பதே அதன் பொருள். யார் எந்தப் பக்கம் என்று பிரித்துக் காட்டும் திறமை அந்தக் கணக்குக்கு இருந்திருந்தால், உங்கள் அறிக்கையில் 6 என்று வந்திருக்காது. பூச்சியம் என்றோ நூறு என்றோதான் வந்திருக்கும்.

இப்படிக் கணக்கிடும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் தணியலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில், 1948-இல் 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அவர்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரவழைத்து, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், எடை, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பின்னர் யாருக்கு மாரடைப்பு வருகிறது, யார் இறக்கிறார்கள் என்று பல பத்தாண்டுகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் 'அபாயக் காரணி' என்ற சொல்லே 1961-இல் அந்த ஆய்வுக் குழு எழுதிய கட்டுரையிலிருந்துதான் பரவியது. உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை அச்சிட்ட கணினி நிரலும் இத்தகைய ஆய்வுகளில் கிடைத்த கணக்கைக் கொண்டுதான் இயங்குகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆறில் பெரும்பங்கு உங்கள் வயதுக்கு உரியது. பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், வயது கூடக் கூட மரண விகிதம் வட்டிக்கு வட்டி ஏறுவதைப் போலப் பெருகுகிறது என்று 1825-லேயே காட்டினார். நடுவயதுக்குப் பிறகு ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது. ஆகவே, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, 'என் வயதில், எல்லா அளவுகளும் நன்றாக உள்ள ஒரு பெண்ணுக்கு இந்த எண் எவ்வளவு வரும்?' என்று கேளுங்கள். அது நான்கு என்றால், உங்களால் மாற்றக்கூடியது மிச்சமுள்ள இரண்டு மட்டுமே. அதற்காகச் செய்ய வேண்டியதைச் செய்யலாம். நான்குக்காகத் தூக்கத்தைத் தொலைப்பதில் பயனில்லை.

ஸ்டீஃபன் ஜே கூல்ட் என்ற உயிரியல் அறிஞருக்கு 1982-இல் வயிற்றுச் சவ்வில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நோயாளிகளில் பாதிப் பேர் எட்டு மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பதை அவரே நூலகத்தில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டார். மற்ற பாதிப் பேர் எத்தனை காலம் இருக்கிறார்கள் என்பதுதான் அவர் அடுத்து எழுப்பிய கேள்வி. அதற்குப் பிறகு அவர் 20 ஆண்டுகள் வாழ்ந்தார். 2002-இல் அவர் இறந்ததும் வேறொரு புற்றுநோயால்தான்.

கேள்வி: எண்பது வகைப் பரிசோதனைகள் அடங்கிய அறிக்கை ஒன்று என்னிடம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்ற கோணத்தில் பார்த்தால், இவற்றில் எந்த எண்ணை முதலில் பார்க்க வேண்டும்? – மாணிக்கவேல்

பதில்: அந்த எண்பதிலும் இல்லாத ஒன்றைத்தான் முதலில் பார்ப்பேன். ரத்த அழுத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பும் எந்த ரத்த மாதிரியிலும் அளக்க முடியாது. ஆகவே அது பல அறிக்கைகளில் இடம்பெறுவதே இல்லை. உலகின் பல பகுதிகளில் நடந்த 61 ஆய்வுகளில் பங்கேற்ற பத்து லட்சம் பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2002-இல் வெளியான தொகுப்பாய்வு, 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு, மேல் அழுத்தம் 115-க்கு மேல் ஒவ்வொரு 20 எண் கூடும்போதும் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று காட்டியது. 140 வரை ஒன்றுமில்லை, 141-இல் ஆபத்து தொடங்குகிறது என்பதைப் போன்ற ஒரு கோடு உடலில் எங்கும் கிடையாது; கோடு போடுவது நாம்.

ஆனால் இந்த அளவைத் தவறாக எடுப்பதைப் போல வேறு எந்த அளவையும் நாம் தவறாக எடுப்பதில்லை. நோயாளி மாடியேறி வருகிறார், உட்கார்ந்த உடனே பட்டையைச் சட்டைக் கையின் மேலேயே சுற்றுகிறார்கள், கை தொங்கிக்கொண்டிருக்கிறது, 'வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?' என்று கேட்கிறார்கள். அவரும் பதில் சொல்கிறார். இந்த ஒவ்வொன்றும் அளவை உயர்த்தும். கை தொங்கினால் ஆறேழு எண் கூடலாம், பேசினால் பத்து வரை கூடலாம், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் கூடும், பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் இன்னும் கூடும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல் அமைதியாக உட்கார்ந்து, முழங்கைக்கு மேல் உள்ள பகுதி நெஞ்சின் உயரத்தில் இருக்கும்படி கையை மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, இரண்டின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் இப்படி எடுத்த குறிப்பைக் கொண்டு வரும் நோயாளி, ஸ்கேன் படங்களைக் கட்டாகச் சுமந்து வருபவரைவிட எனக்கு அதிகம் உதவுகிறார்.

அழுத்தத்தைக் குறைத்தால் உண்மையிலேயே உயிர் தப்புகிறதா என்று கேட்டால், அதற்கும் நேரடிச் சான்று உண்டு. சர்க்கரை நோய் இல்லாத, ஆனால் இதய நோய்க்கான வாய்ப்பு கூடுதலாக உள்ள 9,361 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழும், மற்றவர்களுக்கு 140-க்குக் கீழும் வைக்க முயன்ற 'ஸ்பிரின்ட்' ஆய்வு 2015-இல் முன்கூட்டியே முடிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் இரண்டாம் பிரிவில் 4.5 சதவீதத்தினரும் முதல் பிரிவில் 3.3 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். செய்திகளில் '27 சதவீதம் குறைந்தது' என்று வந்தது இதுதான். இரண்டும் ஒரே முடிவைச் சொல்பவைதான் என்றாலும், நான் முதல் வகையில் சொல்லவே விரும்புகிறேன், படிப்பவர் ஏமாறுவதில்லை.

அடுத்ததாகச் சிறுநீரகம். ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவிலிருந்து கணக்கிடப்படும், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் என்ற எண் மூன்று மாதங்களுக்கு மேலாக 60-க்குக் கீழ் இருப்பதும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கசிவதும், தனித்தனியாகவே மரண அபாயத்தை உயர்த்துகின்றன. இரண்டும் சேர்ந்தால் கூடுதல். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்குக்கூட இந்தச் சிறுநீர்ப் பரிசோதனையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான ஹெச்பிஏ1சி, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ரால் ஆகிய இரண்டையும் நீங்களே ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். உங்கள் எண்பதில் மிச்சமிருப்பவை, அறிகுறி ஏதும் இல்லாதவருக்குப் பெரும்பாலும் தாளை நிரப்பத்தான் பயன்படுகின்றன.

கேள்வி: ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்க முடியாதவர்கள் ஏழு ஆண்டுகளில் இறந்துவிடுவார்கள் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். 68 வயதாகும் என்னால் ஆறு விநாடிக்கு மேல் நிற்க முடியவில்லை. என் கணவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. – பூங்கோதை

பதில்: கணவர் தாமும் நின்று பார்த்துவிட்டுத்தான் சிரித்தாரா என்று கேளுங்கள். காணொளியில் பாதி உண்மை இருக்கிறது. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரை, ஒரு காலைத் தூக்கி ஊன்றிய காலின் பின்புறத்தில் பாதத்தை வைத்துக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு, நேராகப் பார்த்தபடி பத்து விநாடி நிற்கச் சொன்னார்கள். மூன்று முறை முயல அனுமதித்தார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. சராசரியாக ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, நின்றவர்களில் 4.6 சதவீதத்தினரும் நிற்க முடியாதவர்களில் 17.5 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். இது 2022-இல் வெளியானது. அதாவது, நிற்க முடியாதவர்களிலும் நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடுதான் இருந்தார்கள். இதைக் காணொளி சொல்லியிருக்காது.

மேலும், நிற்க முடியாதவர்கள் வயதில் மூத்தவர்கள். அவர்களிடையே சர்க்கரை நோயும் உடல் பருமனும் அதிகமாக இருந்தன. உங்கள் வயதையொட்டிய 66 முதல் 70 வரையிலான பிரிவில் மூன்றில் ஒருவருக்கும் மேலானவர்களால் நிற்க முடியவில்லை. வயதையும் நோய்களையும் கழித்துக் கணக்கிட்ட பிறகும் ஓரளவு வேறுபாடு மிஞ்சியது என்பதுதான் ஆய்வாளர்களின் ஆர்வத்தைத் தூண்டியது.

இதே இனத்தைச் சேர்ந்த வேறு சில அளவுகளும் உண்டு. 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், கைப்பிடி வலிமை 5 கிலோ குறையக் குறைய மரண வாய்ப்பு 16 சதவீதம் கூடியது. மேல் ரத்த அழுத்தத்தைக் காட்டிலும் கைப்பிடியே மரணத்தைச் சரியாகச் சுட்டியது. 65 வயதைக் கடந்த 34,485 பேரைக் கொண்ட 2011-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், நடை வேகமே ஆயுளை நன்றாகச் சுட்டியது. நான்கு மீட்டரை வழக்கமான நடையில் ஐந்து விநாடியில் கடப்பவருக்கு அவர் வயதுக்குரிய சராசரி ஆயுளை எதிர்பார்க்கலாம். அதைவிட வேகமாக நடப்பவருக்குக் கூடுதலாக எதிர்பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு எளிய செயல்கள் இத்தனை விஷயங்களைச் சொல்லிவிடுகின்றன? ஒரு காலில் நிற்பதற்குக் கண், உட்காது, பாதத்தின் உணர்ச்சி நரம்புகள், மூளை, தொடைத் தசை ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். நடப்பதற்கு இவற்றோடு இதயமும் நுரையீரலும் வேண்டும். எங்கே பழுது இருந்தாலும் அது இங்கே தெரிந்துவிடுகிறது. எந்த இடத்தில் பழுது என்பது மட்டும் தெரிவதில்லை. அதனால்தான், ரப்பர் பந்தைத் தினமும் அமுக்கிக் கைப்பிடியை மட்டும் வலுவாக்கிக்கொள்பவருடைய ஆயுள் கூடிவிடாது. வெப்பமானியைத் தண்ணீரில் முக்கி எடுப்பதால் காய்ச்சல் குறைவதில்லையே.

நீங்கள் செய்ய வேண்டியது என்னவென்றால், பாதங்களில் மரமரப்பு இருக்கிறதா, தலைசுற்றலைத் தரும் மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறீர்களா, கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா, கண்ணில் புரை இருக்கிறதா என்பவற்றை மருத்துவரிடம் காட்டிச் சரிபார்ப்பது. பயிற்சி செய்வதாக இருந்தால் சுவரோரமாக, கை எட்டும் தூரத்தில் ஒரு கனமான நாற்காலியை வைத்துக்கொண்டு செய்யுங்கள். உங்கள் வயதில் இடுப்பெலும்பு முறிவு என்பது எந்தப் பரிசோதனை எண்ணையும்விட ஆபத்தானது.

கேள்வி: என் ஹெச்பிஏ1சி 7.1. இது கூடினால் ஆபத்து என்றால், மருந்துகளைக் கூட்டி 5.5-க்குக் கொண்டுவந்துவிட்டால் ஆபத்து அறவே நீங்கிவிடும் அல்லவா? மருத்துவர் மறுக்கிறார். – அறவாழி, வயது 66

பதில்: உங்கள் மருத்துவர் சரியாகவே சொல்கிறார். நீங்கள் நினைப்பதைப் போலவே மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் நினைத்தது. அதைச் சோதிக்க, 'அக்கார்டு' என்ற ஆய்வில் சர்க்கரை நோய் உள்ள, இதய நோய்க்கான வாய்ப்பும் கூடுதலாக உள்ள 10,251 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு இலக்கு 6-க்குக் கீழ். மற்றதற்கு 7 முதல் 7.9 வரை. தீவிரச் சிகிச்சை பெற்றவர்களில் 257 பேரும், மற்றவர்களில் 203 பேரும் இறந்திருந்ததைக் கண்டு, 2008 பிப்ரவரியில் தீவிரச் சிகிச்சையை நிறுத்தினார்கள். அந்தப் பிரிவில் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோன நிகழ்வுகளும் மிக அதிகம்.

இதற்கு முன்பே ஒரு பாடம் கிடைத்திருந்தது. மாரடைப்புக்குப் பின் இதயத்தில் இடையிடையே தவறித் துடிக்கும் துடிப்புகள் உள்ளவர்கள் அதிகமாக இறக்கிறார்கள் என்பது உறுதியாகத் தெரிந்திருந்தது. அந்தத் துடிப்புகளை அடக்கும் மாத்திரைகளும் இருந்தன. அடக்கினால் உயிர் பிழைப்பார்கள் என்பது யாருக்கும் ஐயமில்லாத முடிவாக இருந்ததால், சோதித்துப் பார்ப்பதே வீண் என்றுகூடச் சிலர் கருதினார்கள். சோதித்தார்கள். 1989-இல் வெளியான முடிவின்படி, மாத்திரை உண்ட 730 பேரில் 56 பேர் இறந்தார்கள்; வெற்று மாத்திரை உண்ட 725 பேரில் 22 பேர் இறந்தார்கள். ஈசிஜி தாள் அழகாகியிருந்தது, ஆள்தான் இல்லை.

நல்ல கொழுப்பு என்று அழைக்கப்படும் ஹெச்டிஎல்லின் கதையும் அதுதான். அது குறைவாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் அதை 72 சதவீதம் உயர்த்திக் காட்டிய டோர்செட்ராபிப் என்ற மருந்தை உண்டவர்களிடையே மரணங்கள் கூடியதால், 2006-இல் அந்த ஆய்வையே கைவிட வேண்டியதாயிற்று. எல்டிஎல்லுக்கு வந்தால் நிலைமை வேறு. இதய நோயுள்ள 4,444 பேரைக் கொண்டு 1994-இல் முடிந்த ஸ்காண்டிநேவிய ஆய்வில், எல்டிஎல்லைக் குறைக்கும் சிம்வாஸ்டேட்டின் என்ற மருந்தை உண்டவர்களிடையே மரணம் 30 சதவீதம் குறைந்தது. ஓர் எண்ணைக் குறைத்தால் உயிர் நீள்கிறதா என்பதை அந்த எண்ணே சொல்லாது. குறைத்துப் பார்த்த ஆய்வுதான் சொல்ல வேண்டும். உங்கள் வயதில் 7.1 என்பது, தாழ்சர்க்கரை இல்லாமல் கிடைத்திருந்தால், நல்ல எண்.

கேள்வி: ரத்த அணுக்கள் பரிசோதனையில் ஆர்டிடபிள்யூ 15.8 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் 'மரணத்தைக் கணிக்கும் எண்' என்கிறார்கள். – ஒரு கல்லூரி மாணவி

பதில்: சிவப்பணுக்கள் எல்லாம் ஒரே பருமனில் இருக்கின்றனவா, சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கின்றனவா என்பதைச் சொல்லும் எண் அது. முதியவர்களை ஆராய்ந்தபோது, இது கூடுதலாக இருந்தவர்கள் அதிகமாக இறந்தது உண்மை. நாள்பட்ட அழற்சியும் பல உறுப்புகளின் நோய்களும் இதை உயர்த்துவதே அதற்குக் காரணம். இருபது வயதுப் பெண்ணுக்கு இது கூடியிருந்தால், நான் முதலில் நினைப்பது இரும்புச்சத்துக் குறைவை. ஹீமோகுளோபினையும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும், தேவைப்பட்டால் வைட்டமின் பி12-ஐயும் பாருங்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இணையத்தை மூடிவிடுங்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் முழு உடல் பரிசோதனை செய்துகொள்கிறேன். 'வீண் செலவு' என்கிறான் மருத்துவம் படிக்கும் என் மகன். முன்கூட்டியே கண்டுபிடித்தால் உயிர் தப்பலாம் என்பது பொது அறிவல்லவா? – தணிகாசலம்

பதில்: அந்தப் பொது அறிவு சில நோய்களுக்குப் பொருந்துகிறது, பல நோய்களுக்குப் பொருந்துவதில்லை. அறிகுறி இல்லாதவர்களுக்குச் செய்யப்படும் பொதுப் பரிசோதனைகளைப் பற்றிய 17 ஆய்வுகளை, 2,50,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் தொகுத்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களும் அழைக்கப்படாதவர்களும் ஒரே விகிதத்தில்தான் இறந்திருந்தார்கள்.

எப்படி இது சாத்தியம் என்று கேட்பீர்கள். தென் கொரியாவைப் பாருங்கள். அங்கே 1999-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தோடு, கூடுதல் கட்டணத்துக்குக் கழுத்து அல்ட்ராசவுண்டும் பரவலாகச் செய்யப்பட்டது. 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993-இல் இருந்ததைப் போலப் பதினைந்து மடங்காகிவிட்டது. அந்நோயால் இறந்தவர்களின் விகிதமோ கொஞ்சமும் மாறவில்லை. அதாவது, கண்டுபிடிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை, கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமலே கிடந்திருக்கும். ஆனால் கண்டுபிடித்துவிட்டதால் அறுவை சிகிச்சை நடந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் 11 சதவீதத்தினருக்கு, உடலின் கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி செயலிழந்தது, 2 சதவீதத்தினருக்குக் குரல்நாண் முடங்கியது. இவர்கள் ஒவ்வொருவரும் 'நல்லவேளை, முன்கூட்டியே கண்டுபிடித்தார்கள்' என்றுதான் நம்பியிருப்பார்கள் என்பது இதில் உள்ள வேதனை.

இன்னொரு மயக்கமும் உண்டு. 70 வயதில் இறக்கப்போகும் ஒருவருக்கு 67 வயதில் நோய் தெரிந்தால் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார் என்போம். அதையே 62 வயதில் கண்டுபிடித்தால் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார் என்போம். அவர் இறந்தது என்னவோ அதே 70 வயதில்தான்; நோயாளியாக வாழ்ந்த காலம்தான் நீண்டது. ஆகவே, 'கண்டுபிடித்த பின் ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் விகிதம்' என்று விளம்பரத்தில் வருவதை அப்படியே நம்பாதீர்கள்.

மகன் சொல்வதை முழுவதும் ஏற்கவும் வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், கருப்பை வாய்ப் பரிசோதனை, பெருங்குடல் பரிசோதனை, உரிய வயதில் மார்பகப் பரிசோதனை ஆகியவற்றுக்கு நல்ல ஆதாரம் உண்டு. நெடுங்காலம் அதிகமாகப் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்தபோது, நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் 20 சதவீதம் குறைந்ததாக 53,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்ட ஓர் அமெரிக்க ஆய்வு 2011-இல் காட்டியது. யாருக்கு, எந்த வயதில், எதற்காக என்று கேட்டுச் செய்யும் பரிசோதனைகள் இவை. எல்லாருக்கும் எல்லாம் என்ற தொகுப்பு விற்பனைக்கு உரியது.

கேள்வி: 84 வயதான என் தாயாருக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கலாம் என்று நான் கேட்டபோது, 'அறிகுறி இல்லாதபோது வேண்டாம்' என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வயதானவர் என்று அலட்சியப்படுத்துகிறார்களோ என்று மனம் வருந்துகிறது. – நிலவழகன்

பதில்: அது அலட்சியம் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கான பரிசோதனையை இன்று ஆயிரம் பேருக்குச் செய்தால், அவர்களில் ஒருவருடைய மரணம் தவிர்க்கப்படுவதற்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் பரிசோதனையின் தொல்லையோ இன்றே வந்துவிடும்: குடலைக் கழுவ மருந்து குடிக்க வேண்டும், அதனால் நீர்ச்சத்து குறையும், இரவெல்லாம் கழிப்பறைக்கு நடக்கும்போது விழவும் கூடும். பயன் பத்தாண்டு தள்ளி, துன்பம் நாளைக் காலை என்னும்போது, 84 வயதில் அந்தக் கணக்கு பெரும்பாலும் ஒத்துவருவதில்லை.

அவருக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் பின்வருவனவற்றைச் சொல்வேன். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். முயற்சி ஏதும் இல்லாமலே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தால், அது எந்த ரத்தப் பரிசோதனையையும்விட அவசரமான செய்தி. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுகிறாரா, போன ஆண்டு நடந்த தூரத்தை இந்த ஆண்டும் நடக்கிறாரா, தட்டில் மிச்சம் வைக்கத் தொடங்கியிருக்கிறாரா, எட்டு வகை மாத்திரைகளில் இரண்டைக் குறைக்க முடியுமா என்பவற்றைப் பாருங்கள். மலத்தில் ரத்தம், புதிய ரத்தசோகை, விழுங்குவதில் சிரமம் போன்றவை தென்பட்டால், அப்போது வயதைக் காரணம் காட்டி யாரும் தட்டிக்கழிக்க விடாதீர்கள். தாயாரிடமே அவர் விருப்பத்தைக் கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணவில்லை.

கேள்வி: முப்பது ஆண்டுகளாகப் புகைக்கிறேன். இப்போது வயது 50. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது? – பெயர் வேண்டாம்

பதில்: ஆறு ஆண்டு ஆகப்போகிறது. பிரிட்டனில் 34,439 ஆண் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், புகையை விடாதவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் அதில் மூன்று ஆண்டுகளையும், 50-இல் விட்டவர்கள் ஆறையும், 40-இல் விட்டவர்கள் ஒன்பதையும், 30-இல் விட்டவர்கள் ஏறக்குறைய முழுப் பத்தையும் மீட்டுக்கொண்டார்கள். எக்ஸ்ரே சுத்தம் என்பதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். புகைப்பவர்களின் மரணத்தில் கணிசமான பங்கு வகிக்கும் மாரடைப்பு எக்ஸ்ரேயில் முன்கூட்டித் தெரிவதில்லை. நிக்கோட்டின் மாற்று மருந்துகளும் வாரெனிக்லின் மாத்திரையும் இருக்கின்றன. மன உறுதியை மட்டும் நம்பி முன்பு தோற்றிருந்தால் அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எல்லாப் பரிசோதனைகளும் 'நார்மல்' என்கின்றன. ஆனால் மூன்று மாதங்களாக என் உடம்பு சரியில்லை என்று எனக்கே தெரிகிறது. சொன்னால், 'மனப்பிரமை' என்கிறார்கள். – இளவேனில், வயது 58

பதில்: பிரிட்டனின் யுகே பயோபேங்க் திட்டத்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரிடம் எடுத்த 655 வகை அளவுகளையும் விடைகளையும் வைத்துக்கொண்டு, ஐந்தாண்டுக்குள் வரும் மரணத்தை எது நன்றாகச் சுட்டுகிறது என்று 2015-இல் பார்த்தார்கள். பெண்களிடையே முந்தைய புற்றுநோய் முதலிடம் பிடித்தது. ஆண்களிடையே முதலிடம் பிடித்தது எந்த ரத்த அளவும் அல்ல; 'உங்கள் உடல்நலம் பொதுவாக எப்படி இருக்கிறது?' என்ற கேள்விக்கு அவர்களே சொன்ன விடை. இதே கேள்வியை ஆராய்ந்த 27 ஆய்வுகளைத் தொகுத்து 1997-இல் வந்த கட்டுரையிலும், மற்ற அளவுகளையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், 23 ஆய்வுகளில் அந்த விடை மரணத்தோடு தொடர்புடையதாகவே இருந்தது. தன் உடம்பைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்தவை, ஆய்வகத்துக்கு அனுப்பும் குழாய்களில் அடங்குவதில்லை.

ஆகவே உங்கள் சொல்லை நான் பிரமை என்று ஒதுக்கமாட்டேன்; அதற்காக ஏதோ பெரிய நோய் என்றும் அஞ்சச் சொல்லவில்லை. மனச்சோர்வும், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும், தைராய்டு குறைபாடும், புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரையும்கூட இப்படிச் செய்யும். 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லாமல், மூன்று மாதத்துக்கு முன் செய்ய முடிந்து இப்போது முடியாதது எது என்று எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனையாவது படியில் மூச்சு வாங்குகிறது, இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள், இடுப்பு ஆடை தளர்ந்திருக்கிறதா, எந்த வேலையைப் பாதியில் விடுகிறீர்கள். அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு, மருத்துவர் அதைப் படித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருங்கள். அவர் படிக்காமலே ஒதுக்கினால் வேறொருவரைப் பாருங்கள்.